ஆப்பிள் பை செய்ய எந்த ஆப்பிள்? நான்கு ரகங்கள், ஒரு ஓவன்

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துத் தோட்டக் கடைகளில் ஆப்பிள் மரப்பெட்டி மரப்பெட்டியாக வந்து இறங்கும். நாங்கள் இருப்பது நியூயார்க் மாநிலத்தின் மேற்கே, ரோச்செஸ்டர் அருகில். வாஷிங்டன் மாநிலத்துக்கு அடுத்தபடியாக அமெரிக்காவில் ஆப்பிள் அதிகம் விளைவது நியூயார்க்கில்தான். அதற்கு ஒன்டாரியோ ஏரி பெரிய காரணம். வசந்தத்தில் ஏரியின் குளிர்ச்சி பூக்களை அவசரப்பட்டு மலரவிடாது. இலையுதிர்காலத்தில் அது சேர்த்து வைத்திருக்கும் கோடை வெப்பம், பழம் பறிக்கும்வரை உறைபனியைத் தள்ளிப்போடும்.

கடையில் பத்துப் பன்னிரண்டு ரகம் குவிந்திருக்கும். ஒரு துண்டு கடித்துப் பார்த்து, வாய்க்குப் பிடித்ததை வாங்கி வந்து அதையே ஓவனில் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஆனால் கடித்துச் சாப்பிட நல்ல பழமும், வேக வைக்க நல்ல பழமும் பெரும்பாலும் வேறு வேறு. இங்கே சுலபமாகக் கிடைக்கும் நான்கு ரகங்களை ஆப்பிள் பை (pie, மாவுக்குள் பழத்தை நிரப்பி ஓவனில் வேக வைக்கும் இனிப்பு) என்ற ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஓவனுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். ஆப்பிளின் எடையில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். அதன் கன அளவில் ஏறக்குறைய கால் பங்கு காற்று, அதனால்தான் பழம் தண்ணீரில் மிதக்கிறது. சூடு ஏறும்போது காற்று வெளியேறும், சாறு கசியும், செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரையத் தொடங்கும். பெக்டின் சீக்கிரம் கரையும் ரகம் குழைந்துவிடும், தாக்குப்பிடிக்கும் ரகம் துண்டு துண்டாக நிற்கும்.

மெக்கின்டாஷ் சீக்கிரம் குழையும் ரகம். 1811-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஜான் மெக்கின்டாஷ் என்பவர் தன் நிலத்தில் கண்டெடுத்த கன்றிலிருந்து வந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினிக்குப் பெயர் கொடுத்ததும் இதே பழம்தான். செப்டம்பரிலேயே வந்துவிடும், விலையும் குறைவு. வாசனையில் இதை மிஞ்ச ஆளில்லை. தோலைச் சீவும்போதே சமையலறை முழுக்க மணக்கும். அந்த மணத்தை நம்பித்தான் என் முதல் நன்றிநவிலல் நாள் விருந்துக்கு முழுக்க மெக்கின்டாஷ் போட்டு பை செய்தேன். மேல் மாவு பொன்னிறமாக உப்பி அழகாக வந்தது. கத்தியை இறக்கியதும் மாவுக்கும் பழத்துக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. கீழே பழத்துண்டே இல்லை, கூழ்தான் இருந்தது. ருசி நன்றாக இருந்தும் தட்டில் எடுத்து வைக்க முடியவில்லை.

அதற்காக இதை ஒதுக்கிவிட வேண்டாம். ஆப்பிள் சாஸுக்கு இதுதான் ராஜா. தோலோடு நறுக்கி, கால் டம்ளர் தண்ணீர் விட்டு மூடி வேக வைத்தால் இருபது நிமிடத்தில் தானாகக் குழைந்துவிடும். வடிகட்டியில் மசித்து எடுத்தால் தோலின் சிவப்பு இறங்கி இளஞ்சிவப்பு நிறத்தில் கிடைக்கும். ஒரு சிட்டிகை உப்பு போதும், சர்க்கரை பெரும்பாலும் தேவைப்படாது.

ஹனிகிரிஸ்ப் நேர்மாறு. மினசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட ரகம். இதன் செல்கள் மற்ற ஆப்பிள்களில் இருப்பதைவிடப் பெரியவை. கடிக்கும்போது அவை வெடித்துச் சாறு தெறிக்கும், அந்த 'கறுக்' சத்தத்துக்காகவே ஜனங்கள் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். பச்சையாகச் சாப்பிட இதற்கு ஈடில்லை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓவனில் முதலில் காணாமல் போவது அந்தச் சத்தம்தான். காசு கொடுத்தது எதற்கோ, அது சூட்டில் போய்விடுகிறது. துண்டுகள் ஓரளவு வடிவம் காக்கும், சரி. ஆனால் சாறு அதிகம், இனிப்பு அதிகம், புளிப்பு போதாது. சோள மாவைக் கூட்டாவிட்டால் அடி மாவு நமுத்துப்போகும். எங்கள் ஊரில் மெக்கின்டாஷைவிட ஏறக்குறைய இரட்டை விலை வேறு. இதைக் குழந்தைகளின் மதிய உணவு டப்பாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிரானி ஸ்மித்தைத்தான் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் சொல்கின்றன. ஆஸ்திரேலியாவில் சிட்னி அருகே ஈஸ்ட்வுட்டில் மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் 1868-இல் பிறந்த பச்சை ஆப்பிள். இதற்குக் கோடை நீளமாக வேண்டும், அதனால் எங்கள் பக்கம் அவ்வளவாக விளையாது. கடையில் இருப்பவை பெரும்பாலும் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வருபவை. வருடம் முழுக்கக் கிடைக்கும், எப்போதும் ஒரே மாதிரி இருக்கும், துண்டு உடையாது, வெண்ணெயையும் சர்க்கரையையும் புளிப்பு சமன்செய்யும். முதல்முறை பை செய்பவருக்கு இதைத்தான் சொல்வேன். குறை என்னவென்றால் புளிப்பு மட்டுமே முன்னால் நிற்கும், வாசனை பின்தங்கிவிடும். பட்டையும் ஜாதிக்காயும் போட்டு ஒப்பேற்ற வேண்டியிருக்கும்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு பயன் உண்டு. நல்ல மாங்காய் கிடைக்காத ஊரில் இதைத் துருவி, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, மிளகாய்ப்பொடி, வறுத்த வெந்தயப்பொடி, பெருங்காயம் போட்டுச் சுருள வதக்கினால் அருமையான தொக்கு. மாங்காய் அளவு புளிப்பு இருக்காது, இறக்கியபின் அரை எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். தயிர்சாதத்துக்கு மற்ற மூன்றும் இதன் கிட்டே வராது.

நான்காவது நார்தர்ன் ஸ்பை. பெயர் கேள்விப்படாதவர்கள்தான் அதிகம். இது எங்கள் மண்ணின் பழம். ரோச்செஸ்டருக்குத் தெற்கே ஈஸ்ட் ப்ளூம்ஃபீல்டு என்ற ஊரில் 1800 வாக்கில் விதை போட்டு வளர்த்த மரம். அந்தத் தாய்மரம் காய்க்கும் முன்பே பட்டுப்போனது. அதன் வேரிலிருந்து கிளைத்த கன்றுகளை எடுத்து வேறொருவர் நட்டு வளர்த்ததால்தான் இந்த ரகமே தப்பியது.

இங்குள்ள பழைய ஆட்கள் 'ஸ்பைஸ் ஃபார் பைஸ்' (Spies for pies, பைக்கு ஸ்பை ஆப்பிள்தான்) என்று எதுகையோடு சொல்வார்கள். ஒருமுறை செய்து பார்த்தால் ஏன் என்று புரியும். துண்டு உடையாது, ஆனால் விறைப்பாகவும் நிற்காது. கரண்டி வைத்தால் வெண்ணெய் போல இறங்கும். இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று அமுக்குவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக வெந்த பிறகும் ஆப்பிள் மணம் இருக்கும். எனக்கு இதில் பட்டை அரைத் தேக்கரண்டிக்கு மேல் போட மனம் வராது.

இவ்வளவு நல்ல பழம் பெரிய கடைகளில் ஏன் இல்லை? மரம் காய்க்கப் பத்து வருடம்கூட ஆகலாம். தோல் மெல்லியது, பெட்டியில் போட்டு நெடுந்தூரம் அனுப்பினால் கன்றிவிடும். அக்டோபர் கடைசியில்தான் பறிப்பார்கள், அதற்குள் பாதிப்பேர் ஆப்பிளை மறந்து பூசணிக்காய்க்குப் போயிருப்பார்கள். லாபக் கணக்குப் போடும் விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பழைய ஸ்பை மரங்களை வெட்டாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு தோட்டக்காரரிடமும் எனக்குத் தனி மரியாதை.

என் தேர்வு ஸ்பைதான். அதிலும் முழுக்க ஸ்பை போடாமல், நான்கில் மூன்று பங்கு ஸ்பையும் ஒரு பங்கு மெக்கின்டாஷும் கலப்பேன். ஸ்பை துண்டுகள் நிற்கும், மெக்கின்டாஷ் குழைந்து அவற்றுக்கு நடுவே சாஸாகப் படியும். ஒன்பது அங்குலத் தட்டுக்குச் சுமார் 1.3 கிலோ பழம். ஸ்பை கிடைக்காத ஊரில் கிரானி ஸ்மித்தையும் கோல்டன் டெலிஷியஸையும் பாதிப்பாதி போடலாம், பெரிதாக ஏமாற்றாது. ரெட் டெலிஷியஸ் மட்டும் வேண்டாம்.

எந்த ரகமானாலும் அந்த மூன்று விரல் இடைவெளி வராமல் தடுக்க ஒரு வழி இருக்கிறது. நறுக்கிய துண்டுகளைச் சர்க்கரையோடு அகலமான பாத்திரத்தில் போட்டு மூடி, மிதமான தீயில் பதினைந்து இருபது நிமிடம் மெல்லச் சூடாக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் பழத்திலுள்ள ஒரு நொதி வேலை செய்து, பெக்டினைக் கால்சியத்தோடு பிணைத்து உறுதியாக்கும். பிறகு ஓவன் சூட்டிலும் துண்டு எளிதில் கரையாது. அமுங்க வேண்டியதும் முன்பே அமுங்கிவிடும். நன்றாக ஆறவைத்து, சாற்றை வடித்து, அதைத் தனியே சுண்டக் காய்ச்சித் திரும்ப ஊற்றுங்கள். 220 டிகிரியில் இருபது நிமிடம், அப்புறம் 190-இல் நாற்பது நிமிடம். வெந்ததும் வெட்டக் கை துறுதுறுக்கும். குறைந்தது மூன்று மணி நேரம் பொறுங்கள், அப்போதுதான் சாறு இறுகும்.

ஸ்பை வாங்க அக்டோபர் கடைசி சனிக்கிழமை காலையில் போவது நல்லது. மதியத்துக்குமேல் அந்தப் பெட்டி காலியாகிவிடும். நான் இரண்டு பை நிறையப் பழம் வாங்குவேன். ஒன்று அன்றைக்கே ஓவனுக்கு. இன்னொன்று காகிதத்தில் சுற்றி, பனி விழும் ஜனவரிக்காகக் குளிர்ந்த கராஜில்.