'அச்சுப் பிழை' வெள்ளி ரூபாய்: என் 18,500 போய்விட்டது, நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய காசு சேர்க்கிறவர்கள் இதை முழுக்கப் படியுங்கள். என் 18,500 ரூபாய் இனி வராது என்று நேற்று இரவுதான் உறுதியானது. கோபம் கொஞ்சமும் அடங்கவில்லை.

பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் ஏழாம் எட்வர்ட் காலத்து 1907ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் வந்திருந்தது. ஒரு பக்கம் அரசர் தலை மேடாக இருந்தது. மறுபக்கம் அதே தலை இடவலம் மாறிப் பள்ளமாக இருந்தது. இதைச் சேகரிப்பாளர்கள் 'ப்ரோக்கேஜ்' என்பார்கள். நாணயச்சாலையில் அடித்த காசு சில நேரம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த தகட்டின் ஒரு பக்கத்தில் அச்சு படாது. ஒட்டியிருக்கும் காசின் முகமே பதியும். அரிதானது என்பதால் சாதாரண ரூபாயைவிடப் பல மடங்கு விலை சொல்வார்கள்.

விற்றவன் நம் ஊர்ப் பேச்சுக்காரன். "அண்ணாச்சி, குளச்சல் பக்கம் ஒரு பழைய வீட்டுப் பெட்டியில் சக்கரங்களோடு கிடந்தது" என்றான். சக்கரம் என்பது திருவிதாங்கூர் அரசின் பழைய காசு; அந்தக் காலத்தில் 28½ சக்கரத்துக்கு ஒரு பிரிட்டிஷ் ரூபாய் என்று இரண்டும் இங்கே புழங்கியவைதானே! வீடியோ அழைப்பில் நகைத் தராசில் காசை வைத்தான், 11.6 கிராம் காட்டியது. முறையான எடையே 11.66தான். காந்தம் ஒட்டவில்லை. தரையில் போட்டுச் சத்தத்தையும் கேட்க வைத்தான். அந்தக் கணீர் ஒலியில் மனம் நிறைந்துபோய் அப்போதே 18,500 ரூபாய் அனுப்பினேன்.

காசு கைக்கு வந்ததும் தக்கலையில் நெடுங்காலமாகச் சேர்க்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். லென்ஸை எடுக்காமலே, "காசு நல்ல காசு, பிழைதான் பொய்" என்றார். பள்ளத் தலையைச் சுற்றி ஆங்கில எழுத்துகளும் பூக்கொடியும் நசுங்கிக் கிடந்தன. உண்மையான ப்ரோக்கேஜில் அந்தப் பக்கத்து அச்சு தகட்டைத் தொட்டிருக்கவே முடியாது. பிறகு எழுத்து எங்கிருந்து வரும்? இரண்டு நல்ல ரூபாய்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பட்டறை வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கருவி) இறுக்கியிருக்கிறார்கள். மேடான பக்கத்திலும் அரசரின் காதும் தாடியும் தட்டையாகியிருந்தன. எடை, காந்தம், சத்தம் எல்லாம் சரியாக இருந்ததற்கு இதுதான் காரணம். நூறாண்டு தாண்டிய காசை இப்படி நாசமாக்க எப்படி மனம் வந்தது?

விற்றவனிடம் கேட்டதற்கு முதலில் "கல்யாண வீட்டில் இருக்கிறேன்" என்றான். பிறகு "உங்கள் பெரியவருக்கு என்ன தெரியும்?" என்றான். அப்புறம் பழைய பொருளைத் திருப்பி வாங்குவதில்லையாம். கடைசியில் என் எண்ணையே தடுத்துவிட்டான். செயலிக்காரர்களோ, "வாங்குபவரும் விற்பவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். 18,500 ரூபாய்க்கு யாரும் பொறுப்பில்லை!

அவசரமாகச் சொல்கிறேன். எடையும் காந்தமும் பிழையை நிரூபிக்காது. இரண்டு பக்கத்துக்கும் விளிம்புக்கும் நெருக்கமான படம் கேளுங்கள். பள்ளத்துக்கு அடியில் பழைய எழுத்துத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். காசு கையில் வராமல் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். நானும் புகார் கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை அதே செயலியில், என் காசின் படத்தில் இருந்த அதே நீலப் பூ விரிப்பின்மேல், வேறு பெயரில் இன்னொரு 'ப்ரோக்கேஜ்' ரூபாய் 22,000க்கு வந்திருக்கிறது. யாரும் பணம் போட்டுவிடாதீர்கள்.