‘முட்டை போடும் ஜோடி’ என்று நம்பி 2,380 ரிங்கிட் கொடுத்தேன். நீங்களாவது ஏமாறாதீர்கள்

நேற்று ராத்திரி 11.30-க்கு அந்த ஜோடிக் கோமாளி மீனில் இரண்டாவதும் செத்துப்போனது. கையில் இன்னும் உப்புத் தண்ணீர் வாசம் போகவில்லை, அதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறப்போட்டால் ‘சரி, தொலையட்டும்’ என்று விட்டுவிடுவேன். அப்படி விட்டுவிடுகிற ஆள்தான் நான் என்பது மீனை விற்றவனுக்கும் தெரிந்திருக்கிறது.

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2,380 ரிங்கிட். தோட்டத்தில் குலை வெட்டுகிறவருக்குச் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். நான் செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். எண்ணெயில் அமிலம் எத்தனை விழுக்காடு என்று நாள் முழுக்க அளந்து, சரியில்லாததைச் சரியில்லை என்று எழுதிக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த நான் ஒரு வீடியோவைப் பார்த்து ஏமாந்தேன்.

இருப்பது பத்தாங் பெர்ஜுந்தையில். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பேர் மாற்றினார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பேர்தான் வருகிறது. சுற்றிலும் செம்பனை. கடலைப் பார்க்க கோலா சிலாங்கூர் போக வேண்டும், அங்கேயும் சேற்றுத் தண்ணீர்தான். இந்த ஊரில் ஒருத்தன் வீட்டுக்குள் கடல் மீன் வளர்க்கிறான் என்றால் ஒட்டுக்கடையில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? “எப்ப குழம்பு வைக்கப் போறே?” என்று கேட்காத ஆளில்லை.

நான்கு வருஷமாக மூன்று அடித் தொட்டி ஒன்று ஓடுகிறது. வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கலந்து, அடர்த்தி 1.025-இல் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஊற்றுவேன். அதில் ஒரு ஜோடி கோமாளி மீன். பிள்ளைகள் நீமோ என்பார்களே, அதுதான். சாதாரண ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை. போன வருஷம் அவை முட்டை போட்டன. எனக்குப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

சாய்த்து வைத்திருந்த ஓட்டுத் துண்டில் ஆரஞ்சு நிறத்தில் 200, 300 முட்டைகள். காவல் காப்பது ஆண் மீன். செட்டையால் விசிறுவதும், கெட்டுப்போன முட்டையைக் கொத்தி எடுப்பதுமாக அதற்கு ஓய்வே கிடையாது. சில நாளில் முட்டைக்குள் வெள்ளி மாதிரி கண்கள் மின்ன ஆரம்பித்தன. எட்டாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு பொரிந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் முழுக்க 3, 4 மில்லிமீட்டர் நீளத்தில் ஊசி ஊசியாகத் துள்ளுகின்றன. மகளை எழுப்பிக் காட்டினேன். மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை.

பட்டினி. அவ்வளவு சின்ன வாயில் அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர் இறால் குஞ்சுகூட நுழையாது. முதல் சில நாளைக்கு ரோட்டிஃபர் என்கிற நுண்ணுயிரை உயிரோடு கொடுக்க வேண்டும். ரோட்டிஃபருக்குத் தீனி பச்சைப் பாசி. ஆக, குஞ்சு வேண்டுமென்றால் ரோட்டிஃபர் வளர்க்க வேண்டும், ரோட்டிஃபர் வேண்டுமென்றால் பாசி வளர்க்க வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. அடுத்த ஈட்டுக்குள் எல்லாம் தயார் செய்துவிடலாம் என்று இருந்தேன். ஒரு நாள் நான் வேலையில் இருந்தபோது ஆறு மணி நேரம் கரண்ட் இல்லை. வீட்டுக்கு வந்தால் பெண் மீன் தொட்டியின் அடியில் செத்துக் கிடந்தது. ஆண் மட்டும் மிச்சம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், நினைத்தால் வயிறு எரிகிறது. கோமாளி மீனில் பெண் செத்தால், மிஞ்சிய ஆணே நாளடைவில் பெண்ணாக மாறிவிடும். ஒரு சின்னக் குஞ்சை வாங்கிக் கூட விட்டிருந்தால் அது ஆணாக வளர்ந்திருக்கும். 60 ரிங்கிட்டில் முடிய வேண்டிய காரியம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். அப்படி ஜோடி சேர்ந்து முட்டை போட ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம், அந்தப் பொறுமை இல்லை. அதோடு போனஸ் காசும் கையில் வந்திருந்தது.

நான் போனது நேரலையில் மீன் விற்கும் ஓர் இணையப் பக்கத்துக்கு. வாரத்தில் மூன்று ராத்திரி ஓடும். பேர் போட மாட்டேன், போட்டால் என் மேலேயே வழக்கு வரும் என்று மச்சான் சொல்கிறார். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் நான் சொல்லும் சட்டியைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஒரு மண் சட்டி, வாயில் சின்ன விரிசல். சட்டியின் பக்கத்தில் முட்டைகள். பட்டை ஒழுங்காக இல்லாமல் வெள்ளை சிதறினாற்போல் இருக்கும் ‘ஸ்னோஃப்ளேக்’ வகை ஆண் ஒன்று விசிறிக்கொண்டிருக்கும். “நிரூபிக்கப்பட்ட ஜோடி, 14 நாளைக்கு ஒரு தடவை முட்டை.”

விலை கேட்டு எழுதினேன். விற்கிறவனே கூப்பிட்டான், தமிழில். “அண்ணே, முதல்ல உங்க அமோனியா, நைட்ரைட் எவ்வளவுன்னு சொல்லுங்க. தண்ணி ரெடி இல்லன்னா நான் விக்க மாட்டேன். மீன் பாவம்ணே.”

விழுந்தது இந்த இடத்தில்தான். நான்கு வருஷத்தில் எந்தக் கடைக்காரனும் என் தொட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. காசை வாங்கிப் பையைக் கட்டிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இவனோ விற்க மறுக்கிறான்! புதிதாக இரண்டு அடித் தொட்டி வைத்து, ஐந்து வாரம் ஓடவிட்டு, மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று படம் எடுத்து, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி அனுப்பினேன். “அண்ணே, நீங்கதான் உண்மையான ஆளு” என்றான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

ஜோடி 1,200. குஞ்சு வளர்க்கும் கறுப்புத் தொட்டியும் சாமான்களும் 800. ரோட்டிஃபரும் பாசியும் 380. மொத்தம் 2,380 ரிங்கிட். கூடவே ஒரு வாக்குறுதி: குஞ்சு ஒன்றுக்கு 25 ரிங்கிட் கொடுத்து அவனே திருப்பி வாங்கிக்கொள்வானாம். ஓர் ஈட்டில் 100 பிழைத்தாலே 2,500 வருமே என்று ஆலையில் ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேராசைதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தேதி எழுதிய சீட்டோடு வீடியோ கேட்டேன். மறுநாளே வந்தது. இரண்டு மீன், முன்னால் சீட்டு, அன்றைய தேதி. சீட்டு இருந்த வீடியோவில் சட்டி இல்லை, சட்டி இருந்த வீடியோவில் சீட்டு இல்லை. இது என் மண்டையில் உறைக்க ஆறு வாரம் ஆனது. காசு போனதும் கடைக் கணக்குக்கு இல்லை, தனியாள் கணக்குக்கு. “கம்பெனி கணக்குல கொஞ்சம் பிரச்சினைண்ணே.” சரி என்றேன்.

ஒரு பெட்ரோல் நிலையத்தில் வைத்து, வேறொரு பையன் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். வீட்டில் பிரித்ததுமே ஒரு மாதிரி இருந்தது. இரண்டும் ஒரே அளவு. முட்டை போட்டுப் பழகிய ஜோடி என்றால் பெண் பெரிதாகவும் ஆண் சின்னதாகவும் இருக்கும், பார்த்த உடனே தெரியும். கேட்டேன். “பயணக் களைப்புல சுருங்கித் தெரியும்ணே, ரெண்டு வாரம் விடுங்க.” இரண்டாம் ராத்திரியே சண்டை. ஒன்றின் வால் பாதி இல்லை, மூலையில் தண்ணீர் மட்டத்தில் ஒண்டிக்கொண்டு கிடந்தது. கேட்டேன். “இடம் மாறினா அப்படித்தான்ணே, மறுபடி முட்டை போட மூணு மாசம்கூட ஆகும்.”

இதைக் கவனியுங்கள். அவன் சொன்ன ஒவ்வொரு சாக்கும் பாதி உண்மை. இடம் மாறிய ஜோடி மாதக்கணக்கில் முட்டை போடாமல் இருக்கும்தான். ஜோடி சேரும்போது கொஞ்சம் அடித்துக்கொள்ளும்தான். ஒன்றுமே தெரியாதவன் ஏமாற்றினால் ஒரு வாரத்தில் பிடித்திருப்பேன். இவனுக்கு மீனைப் பற்றி எல்லாம் தெரியும். பொறுத்திரு, பொறுத்திரு என்று சொல்வதற்குத் தோதான தொழில் இதைப் போல் வேறு இல்லை. என் கணிப்பில் அவை இரண்டுமே பெண். ஒரே தொட்டியில் இரண்டு பெண்ணை விட்டால் ஒன்று சாகிற வரைக்கும் விடாது.

ரோட்டிஃபர் போத்தல் கதையும் இதேதான். மூடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். “உறங்கு முட்டை இருக்கும்ணே, காத்து விட்டா எழும்பி வரும்.” காலம் வரும் வரை பொரியாமல் கிடக்கும் உறங்கு முட்டை என்று ஒன்று இருப்பதும் உண்மைதான்! நான்கு நாள் காற்று விட்டேன். பிறகு பள்ளியில் அறிவியல் சொல்லித்தரும் நண்பரிடம் கொண்டுபோனேன். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். என்னென்னவோ ஓடுகிறது, ரோட்டிஃபர் ஒன்றுகூட இல்லை. “சாக்கடைத் தண்ணியிலகூட இதைவிட நல்லதா கிடைக்கும் சார்” என்றார்.

நான்காம் வாரம் வால் போன மீன் மேல் சளி மாதிரி படர்ந்தது. தோல் நூல் நூலாக உரிந்தது, மூச்சு வேகமாக வாங்கியது. இது கோமாளி மீன்களுக்கு அதிகமாக வருகிற ஒரு நோய், புரூக்லினெல்லா என்பார்கள். ஃபார்மலின் குளியல் கொடுக்க வேண்டும், அதுவும் உடனே. ஸ்னோஃப்ளேக் தொட்டியில் பிறந்து வளரும் வகை, கடலில் பிடித்து வருவதில்லை. பிடித்து வந்த மீன்களோடு ஒரே தண்ணீரில் போட்டு வைத்திருக்க வேண்டும், அங்கேயே ஒட்டியிருக்க வேண்டும். நான் மருந்து தேடி அலைவதற்குள் செத்தது. அவனோ பூண்டுச் சாறு ஊற்றச் சொன்னான். அதற்கப்புறம்தான் அடுத்த நாடகம் தொடங்கியது.

“உங்க தண்ணிதான்ணே தப்பு.” எந்தத் தண்ணீரை அவனே சரி என்று ஒப்புக்கொண்டானோ, அந்தத் தண்ணீர்.

“உத்தரவாதம் ரெண்டு மணி நேரம்தான், பையைப் பிரிக்காம வீடியோ எடுத்திருக்கணும்.”

“பாஸ் வெளிநாட்டுல இருக்காரு.” அப்போது நீ யாரப்பா?

“பவளம் ஏதாச்சும் எடுத்துக்குங்க, 200 ரிங்கிட் கழிச்சுக்கலாம்.” அதற்கும் மிச்சக் காசை நான்தான் கட்ட வேண்டுமாம்.

கடைசியில், “ஜோடின்னுதான்ணே சொன்னோம், ஆணும் பெண்ணும்னு சொன்னோமா?” இதைக் குரல் பதிவாகவே வைத்திருக்கிறேன். மூன்று தடவை போட்டுக் கேட்டேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் கேட்டேன், ஏனென்றால் மனைவியிடம் 380 என்றுதான் சொல்லியிருக்கிறேன். அந்த 2,000-ஐ எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு, அவன் இணையப் பக்கத்தில் போட்டிருந்த முகவரிக்குக் காடியை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினேன். அந்த எண்ணில் இருந்தது 24 மணி நேர டோபி. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் மீன் கடை எங்கே என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பி வருகிற வழியில் வண்டியை ஓரம் கட்டி, அந்தச் சட்டி வீடியோவை இணையத்தில் தேடினேன். பல வருஷத்துக்கு முன்னால் வேறு நாட்டில் யாரோ போட்டது. அதே சட்டி, அதே விரிசல்.

போலீஸில் புகார் கொடுத்தேன். பொறுமையாக எழுதிக்கொண்டார்கள். பாதியில் அந்த அதிகாரி நிமிர்ந்து “நீமோ?” என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். வேறொன்றும் பேசவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனசு இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். முட்டையும் மீனும் தேதிச் சீட்டும் ஒரே வீடியோவில் வரவில்லை என்றால் வாங்காதீர்கள். இரண்டும் ஒரே அளவு என்றால் அது ஜோடி இல்லை. ரோட்டிஃபரை வெளிச்சத்துக்கு எதிரே கண்ணாடிக் குவளையில் வைத்துப் பாருங்கள், வெள்ளைப் புள்ளிகள் நகர வேண்டும். தனியாள் கணக்கு என்றால் காசு போடுவதற்கு முன்னால் போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை. போட்டபிறகு சந்தேகம் வந்தால் உடனே இணைய மோசடிகளுக்கான 997 எண்ணுக்கு அடியுங்கள், என்னை மாதிரி ஆறு வாரம் கழித்து இல்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் எதிராளியின் பேரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது டோபியின் முகவரி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மச்சான் மகன் அவன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். அந்த இணையப் பக்கத்துக்குப் பேர் மாறியிருக்கிறது. இன்று ராத்திரி 9 மணிக்கு நேரலை, ‘நிரூபிக்கப்பட்ட ஜோடி, இன்று மட்டும் விலைக் குறைப்பு’. படத்தில் அந்தச் சட்டி.