பழைய சீக்கோ 6139 மஞ்சள் டயல்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி விலை பேசுவது

கடிகாரம் அருமையானது. அந்தப் பெயரில் இணையத்தில் விற்கப்படுவதில் பாதிக்கு மேல் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. 1969-ல் வந்த உலகின் முதல் ஆட்டோமேட்டிக் க்ரோனோகிராஃப்களில் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கடிகாரங்களில்) 6139-ம் ஒன்று. ஸ்டாப்வாட்ச்சின் ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் கட்டுப்படுத்தும் 'காலம் வீல்' என்ற தூண்பல் சக்கரம், நொடிமுள்ளை ஓட்டத்தோடு இணைத்துப் பிரிக்கும் செங்குத்து கிளட்ச் இரண்டும் உள்ளே உண்டு. 1973 நவம்பரில் ஸ்கைலேப் 4 விண்வெளிப் பயணத்தில் அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் கட்டிச் சென்றது இதன் மஞ்சள் டயல் வகையைத்தான். அதனால் அந்த வகைக்கு 'போக்' என்றே பெயர் நிலைத்துவிட்டது, விலையும் ஏறியது. விலை ஏறியதும் டூப்ளிகேட் டயல்கள் வந்து குவிந்தன.

முதலில் பின்மூடியைப் பாருங்கள். மாடல் எண்ணோடு சீரியல் எண்ணும் இருக்கும். சீரியலின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற எழுத்துகள். 9-ல் தொடங்கினால் 1969-ஆகவும் இருக்கலாம், 1979-ஆகவும் இருக்கலாம். அதைத் தீர்த்துவைப்பது தண்ணீர் புகாமை பற்றிய வாசகம்தான்: தொடக்கக் காலத்தவற்றில் 'வாட்டர் ப்ரூஃப்', பின்னர் வந்தவற்றில் 'ரெசிஸ்ட்'. 1976 சீரியல் உள்ள மூடியும் 'ப்ரூஃப்' டயலும் ஒன்றாக இருந்தால், இரண்டு கடிகாரங்களை உடைத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். டயலின் அடி விளிம்பில் உள்ள பொடிக் குறியீட்டின் கடைசி எண்கள் பின்மூடி எண்ணோடு பொருந்தாது. அது இயல்பு, பயப்பட வேண்டாம். அந்தக் குறியீடே இல்லையென்றால்தான் பயப்பட வேண்டும்.

டூப்ளிகேட் டயல் பளபளவென்றிருக்கும், ஆனால் மஞ்சளில் ஆழம் இருக்காது, பெயின்ட் அடித்த தகரம் மாதிரி. எழுத்துகள் தடித்து, ஓரம் பிசிறடிக்கும். டார்ச் அடித்து அணைத்துவிட்டு இருட்டில் ஒரு படம் கேளுங்கள். ஐம்பது வயது ஒளிப்பூச்சு சில நொடிகளில் மங்கிவிடும். முள்கள் மட்டும் பச்சையாக ஜொலித்தால் அவை மாற்றப்பட்டவை. கேஸின் (கடிகாரத்தின் உலோக உடலின்) மேல்பரப்பில் நுண்கோடுகள் தெரிய வேண்டும், விளிம்பு கூராக இருக்க வேண்டும். சோப்புக் கட்டி போல வழவழவென்றிருந்தால் பாலிஷில் உலோகம் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

ஓட்டத்துக்கு மூன்று நிமிட வீடியோ கேளுங்கள், இடையில் வெட்டு இருக்கக் கூடாது. பட்டனை அழுத்தியதும் நொடிமுள் துள்ளாமல் நகர வேண்டும். துள்ளினாலோ தயங்கினாலோ கிளட்ச் தேய்ந்திருக்கலாம். செலவு கடிக்கும் இடம் அதுதான்: அந்த வீல் தொகுப்பைப் பிரித்துச் சரிசெய்வது கடினம், பெரும்பாலும் வேறொன்று தேடிப் பொருத்த வேண்டியிருக்கும். மூன்று நிமிடம் முடிந்ததும் டயலின் கீழ்ப்பக்கச் சிறு வட்டத்தில் உள்ள நிமிட முள் மூன்றாவது நிமிடத்தில் நிற்கிறதா பாருங்கள். பிறகு ஐந்தாறு முறை ரீசெட் செய்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முள் எப்போதும் ஒரே அளவு தள்ளி நின்றால் கழற்றிச் சரியாகப் பொருத்தினால் போதும். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் முள் தளர்ந்திருக்கும், அல்லது அதைப் பூஜ்யத்துக்குத் தள்ளும் ஹாமரில் கோளாறு. தனியாக நொடிமுள் கிடையாது என்பதால் பலர் க்ரோனோவை எந்நேரமும் ஓடவிடுவார்கள். அதனால் தேய்மானம் ஏற்பட்டிருக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

க்ரௌனை (பக்கவாட்டுத் திருகை) இழுக்காமல் திருப்பினால் உள்வளையம் சுழல வேண்டும். சுழலாவிட்டால் பல் போயிருக்கும், அல்லது அழுக்கு இறுகியிருக்கும். அதே க்ரௌனைப் பாதி அழுத்தினால் தேதி, முழுக்க அழுத்தினால் கிழமை மாறும். 'நன்றாகச் சாவி கொடுத்து ஓட்டிப் பார்த்தேன்' என்று விற்பவர் எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். இந்த 6139-க்குச் சாவி கொடுக்கவே முடியாது, அது இன்னொரு சீக்கோ க்ரோனோவான 6138-க்குத்தான்.

விலைக்கு வருவோம். கேட்கும் விலைகளைப் பார்க்காதீர்கள், அவை ஆசைதான். விற்று முடிந்த பத்துப் பதிவுகளில் அசல் டயல், சர்வீஸ் ரசீது இரண்டும் உள்ளவற்றை மட்டும் எடுத்து, நடுவில் வரும் விலையை அடிப்படையாகக் கொள்ளுங்கள். அதிலிருந்து முழு சர்வீஸ் செலவைக் கழியுங்கள். க்ரோனோ என்பதால் அது சாதாரண ஆட்டோமேட்டிக்கைவிடக் கூடுதல், முன்கூட்டியே மெக்கானிக்கிடம் விசாரித்து வையுங்கள். ரசீதோ தேதியோ இல்லாத 'சர்வீஸ் ஆனது' என்ற சொல்லுக்கு மதிப்பு பூஜ்யம். கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் வளையம், பட்டன், கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தால் அவற்றையும் கழியுங்கள். டூப்ளிகேட் டயல் என்றால் கழித்துப் பிரயோஜனமில்லை. உதிரிபாக விலைக்கு மேல் ஒரு காசும் தர வேண்டாம்.

பேரத்தில் 'கடைசி விலை என்ன?' என்று கேட்பது வீண். குறையைச் சுட்டி ஒரே தொகை சொல்லுங்கள்: 'ரீசெட் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கிறது, உள்வளையம் சுழலவில்லை. இரண்டுக்கும் ஆகும் செலவைக் கழித்து இவ்வளவு தருகிறேன். பின்மூடி திறந்த படம் அனுப்பினால் இன்றே பணம்.' படம் வராவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வந்தால், பதிவில் சொன்னதற்கு மாறாக இருந்தால் திருப்பி அனுப்பலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். எழுபது மீட்டர் என்று டயலில் போட்டிருக்கிறதே என்று மட்டும் மழையில் கட்டிவிடாதீர்கள்.