வேதாகம ஏஐ செயலி: வசனம் தேட வைத்துக்கொள்ளலாம், ஜெபத்துக்கு வேண்டாம்

சில வாரங்களாக, வேதாகமத்தை வைத்துப் பதில் சொல்லும் ஒரு ஏஐ செயலியைப் பயன்படுத்தி வருகிறேன். அரசியல், பொய்ச் செய்தி, தொழில்நுட்பம் என்று இன்றைக்கு நம்மைக் குடையும் கேள்விகளோடு ஒரு விசுவாசி வந்தால் இது என்ன சொல்லும் என்று பார்க்க ஆசை.

வசனம் தேடுவதில் குறை சொல்ல முடியாது. அரைகுறையாக நினைவில் இருப்பதைத் தட்டினாலே அதிகாரமும் வசன எண்ணும் வந்துவிடுகின்றன. உறுதியில்லாத வாட்ஸ்அப் செய்தியை அனுப்பலாமா என்று கேட்டதற்கு யாத்திராகமம் 20:16-ஐக் காட்டி, பொய்ச்சாட்சி பற்றிய கட்டளை ஃபார்வர்டு செய்பவருக்கும் பொருந்தும் என்று நேராகச் சொன்னது. நல்ல பதில். நம் பக்கத்துக்குச் சாதகமான பொய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறவர்கள் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள்.

அரசியல் என்று வந்ததும் தடுமாறுகிறது. அரசு அநியாயமான சட்டம் போட்டால் கிறிஸ்தவன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஆளும் அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐ எடுத்துப்போட்டு, கீழ்ப்படியுங்கள் என்று முடித்துவிட்டது. மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர் 5:29-இல் பேதுரு சொன்னது எங்கே போயிற்று? ஹிட்லர் ஆட்சியில், 1934-இல், சபை அரசின் கருவியாக முடியாது என்று பார்மன் பிரகடனம் எழுதிய ஜெர்மானியக் கிறிஸ்தவர்களும் ரோமர் 13-ஐப் படித்தவர்கள்தானே. சரி, பேதுருவை நினைவூட்டினேன். உடனே "நீங்கள் சொல்வது மிகச் சரி" என்று என் பக்கம் தாவிவிட்டது. இதுதான் எனக்குப் பெரிய பயம். பழைய ஏற்பாட்டில் ஆகாப் ராஜா கேட்க விரும்பியதையே சொன்ன ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் இருந்தார்கள், எதிர்த்துச் சொல்ல ஒரு மிகாயா வேண்டியிருந்தது, இந்தச் செயலியில் அந்த மிகாயா இல்லை.

ஏஐயால் வேலை போய்விடுமோ என்ற கவலைக்கு, நல்ல எதிர்காலம் தருவேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11 மட்டும் வந்தது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் என்று இருக்கிறது, பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதைச் சொல்லாமல் ஆறுதலை மட்டும் நறுக்கிக் கொடுப்பது சரியில்லை.

அப்புறம், அந்த உரையாடலின் முடிவில் "நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று வந்தது. யார் ஜெபிக்கிறார்கள்? ஜெபிக்க அங்கே யாரும் இல்லை. 2024 ஏப்ரலில் கத்தோலிக் ஆன்சர்ஸ் என்ற அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒரு ஏஐ பாதிரியாரை வெளியிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதன் குருப்பட்டத்தை எடுத்துவிட்டு வெறும் ஜஸ்டின் என்று மாற்றியது. அந்தப் பாடம் இந்தச் செயலியை நடத்துகிறவர்கள் காதில் விழவில்லை போல. நள்ளிரவில் உடைந்துபோய்த் தட்டச்சு செய்கிற ஒரு பிள்ளை அந்த வரியை நம்பிவிடும். மனம்விட்டு எழுதும் பாவ அறிக்கையும் அவர்கள் சர்வரில்தான் போய் உட்காருகிறது. உரையாடல்களைச் சேவையை மேம்படுத்தப் பயன்படுத்துவோம் என்று அவர்களுடைய தனியுரிமைக் கொள்கையிலேயே இருக்கிறது, நம் போதகரிடம் பேசினால் இந்தக் கவலை இல்லை.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். செயலியை நடத்துகிறவர்களுக்கு எழுதியிருக்கிறேன்: அந்த ஜெப வரியை எடுங்கள், வசனத்தை அதன் அதிகாரத்தோடு காட்டுங்கள், சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உள்ள விஷயம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். இவற்றைச் செய்தால் எங்கள் வாலிபர் கூட்டத்தில் நானே அறிமுகப்படுத்துவேன்.