டை சார்ஜ் வாங்கிக்கொண்டு பலகாரப் பெட்டி கொடுத்த கதை

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் சங்கம், அறக்கட்டளை, கல்லூரி விழா என்று எதற்காவது பெட்டியோ அட்டையோ அடிக்கக் கொடுக்கப் போகிறவர்கள், இதை ஒரு தடவை படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்க ஆள் சேர்க்கிற சின்னக் குழு எங்களுடையது. பதினோரு பேர், ஆபீஸ் என்று தனியாகக் கிடையாது, எங்கள் வீட்டு முகப்பில்தான் எல்லாம் நடக்கும். அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாளில் எழுத வேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, ஆக மூன்று மணி நேரப் பரீட்சை என்றால் நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். எழுதிக் கொடுப்பவரின் படிப்பு தேர்வரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றொரு விதி வேறு இருக்கிறது, அதனால் பட்டதாரிகள் எழுதுகிற போட்டித் தேர்வுகளுக்கு, இன்னும் டிகிரி முடிக்காத கல்லூரிப் பிள்ளைகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அவர்களைப் பிடித்து வைப்பதுதான் பாடு. கல்லூரியில் போய்ப் பேசினால் கை தூக்குகிறார்கள், பெயர் கொடுக்கிறார்கள், வாட்ஸப் குழுவில் சேர்கிறார்கள், மறுநாளே மியூட் போட்டுவிடுகிறார்கள்.

அதனால்தான் கூரியரில் ஒரு பெட்டி அனுப்பலாம் என்று யோசித்தோம். பெயர் கொடுத்த 400 பேருக்கு, வீட்டு முகவரிக்கே. இந்தக் காலத்தில் ஒரு பிள்ளைக்குத் தன் பெயர் போட்டு வீட்டுக்குப் பெட்டி வந்தால் பிரிக்காமல் இருக்காது, கூட அம்மாவும் "என்னடா அது" என்று எட்டிப் பார்ப்பார். உள்ளே ஒரு கடிதம், ஒரு மடிப்புத் தாள், அப்புறம் முக்கியமான சாமான், ஒரு புள்ளி அட்டை. அந்த அட்டையில், பார்வையற்றவர்கள் விரலால் தடவி வாசிக்கிற பிரெயில் புள்ளி எழுத்தில் "எனக்கு எழுதித் தருகிறாயா?" என்ற ஒரே வரி, வேறு எழுத்தே இருக்காது. பெட்டி மூடியின் உள்பக்கம் தமிழ் பிரெயில் எழுத்து வரிசை. அ என்றால் ஒரே ஒரு புள்ளி, க என்றால் இடப்பக்கம் மேலே ஒன்று கீழே ஒன்று, இப்படி. விரலால் தடவி, மூடியைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவன் கட்டாயம் போன் பண்ணுவான் என்பது எங்கள் கணக்கு. இந்த யோசனை எங்கள் குழுவில் உள்ள எம்.ஏ. படிக்கும் தம்பியுடையது, அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி அந்த அச்சகத்துக்குப் போனேன். ஏசி அறை, பெரிய மானிட்டர், மரியாதைக்குக் குறைவில்லை. "தர்ம காரியம்க்கா, லாபமே வைக்கலை" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். டிசைனுக்கு 5,000, பெட்டிக்குப் புது டை செய்ய 4,500, புள்ளி அட்டைக்கு எம்பாசிங் பிளாக்கும் (புள்ளியை அட்டையில் மேடாக எழுப்புகிற அச்சு) கூலியும் 3,800, பெட்டி ஒன்றுக்கு 38 ரூபாய் வீதம் 15,200. மொத்தம் 28,500. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மேலே 'எஸ்டிமேட்' என்று போட்டுக் கொடுத்தார். 20,000 அட்வான்ஸ் கொடுத்தேன், பணமாக. பில் கேட்டதற்கு "கடைசியில் மொத்தமாப் போட்டுத் தர்றேன்" என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், டை என்பது பெட்டியை வெட்டுகிற அச்சு. பிளைவுட் பலகையில் இரும்புப் பட்டையைப் பெட்டியின் விரிந்த வடிவத்துக்கு வளைத்து இறக்கியிருப்பார்கள், வெட்டுகிற இடத்தில் கூராகவும் மடிக்கிற இடத்தில் மழுங்கலாகவும் இருக்கும். நம் அளவுக்குப் பெட்டி வேண்டுமென்றால் நம் அளவுக்கு டை வேண்டும். காசு கொடுத்துச் செய்தால் அந்தப் பலகை நம்முடையது, அடுத்த தடவைக்கும் ஆகும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும்.

நாலு நாளில் வாட்ஸப்பில் படம் வந்தது. பெட்டி பாதி திறந்து, பக்கத்தில் நிழல் விழுந்து, மரமேஜையில் வைத்த மாதிரி. அவ்வளவு அழகு. குழுவில் போட்டேன், எல்லாரும் கைதட்டினார்கள், நானும் "ஓகே சார், அடிச்சிருங்க" என்று அனுப்பிவிட்டேன். அது மாக்கப். இணையத்தில் கிடைக்கிற காலிப் பெட்டிப் படத்தின் மேல் நம் டிசைனை ஒட்டிக் காட்டுவது, பத்து நிமிட வேலை. நிஜப் பெட்டிக்கும் அதற்கும் ஒட்டு உறவு கிடையாது. சாம்பிள் கேட்டேனா? கேட்டேன். "சிவகாசியில் ஓட்டுற வேலைக்கா, ஒண்ணு மட்டும் தனியா வராது" என்றார். ஓட்டாமலேயே, அதே அட்டையில் வெள்ளையாக ஒரு டம்மி வெட்டிக் கையில் கொடுக்க முடியும். எந்த அச்சகத்திலும் கத்தியும் ஸ்கேலும் இருக்கும்தானே.

மூன்று வாரம் கழித்து ஆட்டோவில் கட்டு கட்டாக வந்து இறங்கியது. முதல் பெட்டியை மடித்ததுமே ஏதோ தப்பு என்று பட்டது. நாங்கள் கேட்டது 22 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், 4 உயரம். வந்தது 28, 20, 9. உள்ளே கடிதத்தையும் அட்டையையும் போட்டு ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். வட்டமாக இருந்த எங்கள் முத்திரை முட்டையாக நீண்டிருந்தது, பெரிய டைக்குப் பொருந்த டிசைனை இழுத்திருக்கிறார்கள். மூடியில் இரண்டு ஓட்டை. எதற்கு ஓட்டை என்று புரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியில் ஒரு கை வரைந்திருந்தோம், ஒரு ஓட்டை அந்தக் கையின் ஆள்காட்டி விரல் நுனியிலேயே விழுந்திருந்தது. அப்பத்தாதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "ஏ ஆத்தா, இது பலகாரப் பெட்டில்ல, நூல் கோத்துத் தூக்குறதுக்கு" என்றார். ஏதோ ஸ்வீட் கடைக்குச் செய்த ஒரு கிலோ பெட்டி டை. அதில் எங்கள் அட்டையை வெட்டிவிட்டு, புது டைக்கு 4,500 வாங்கியிருக்கிறார்.

அளவு மாறினால் என்ன, பெரிதாகத்தானே இருக்கிறது என்று நினைக்கலாம். கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள், அதற்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. நாங்கள் கேட்ட அளவுக்கு 264 கிராம், அரை கிலோவுக்குள் அடங்கும். வந்த பெட்டிக்கு 1.008 கிலோ. எட்டு கிராமில் ஒரு கிலோவைத் தாண்டி அடுத்த விலை! உள்ளே இருப்பதோ நூறு கிராம் காகிதம். அது போதாதென்று மேலே முழுக்க லேமினேஷன், பேனாவால் முகவரி எழுதினால் விரல் பட்டதும் அழிகிறது. முகவரிக்கு வெள்ளை இடம் விடச் சொல்லியிருந்தோம், அதன் மேலும் லேமினேஷன்.

சரி, பெட்டியை விடுங்கள். புள்ளி அட்டைக்கு வருகிறேன், எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

அட்டைக் கட்டைப் பிரித்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கறுப்புப் புள்ளிகள், வரிசையாக, அழகாக. அந்தத் தம்பியிடம் ஒன்றைக் கொடுத்தேன். இடது கையால் பிடித்து வலது ஆள்காட்டி விரலை ஓட்டினார். மறுபடி மேலிருந்து ஓட்டினார். திருப்பிப் போட்டுப் பின்பக்கம் ஓட்டினார். அப்புறம் கொஞ்சம் சங்கடமாக, "அக்கா, வேற அட்டை குடுத்திட்டீங்களா? இதுல ஒண்ணுமே எழுதலையே" என்றார்.

வாங்கித் தடவினேன். வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. புள்ளியை மையில் அடித்திருக்கிறார்கள்! பிரெயில் புள்ளி என்றால் தாளிலிருந்து ஏறக்குறைய அரை மில்லிமீட்டராவது எழும்பி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விரலுக்கு அது வெறும் காகிதம். போதாக்குறைக்கு மூடியில் இருந்த எழுத்து வரிசையை வைத்து நானே கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தேன், நாங்கள் கொடுத்த வரியும் இல்லை. எங்கிருந்தோ எடுத்த ஒரு துண்டுப் புள்ளியை மூன்று தடவை காப்பி பண்ணி ஒட்டியிருக்கிறார்கள், அர்த்தமே இல்லாமல்.

போன் பண்ணினால், "லைட்டுல சாய்ச்சுப் பாருங்கக்கா, லேசாத் தெரியும்" என்கிறார். கண் தெரியாதவர்களுக்கான அட்டையை லைட்டில் சாய்த்துப் பார்க்க வேண்டுமாம்! பிறகு, லேமினேஷன் போட்டதில் அமுங்கிவிட்டது என்றார். லேமினேஷன் போட்டு முடித்த பிறகுதான் எம்பாசிங் அடிப்பார்கள் என்று சிவகாசியில் வேலை செய்யும் உறவினர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பக் கூப்பிட்டேன். "அப்ப அந்த பிளாக்கைக் காட்டுங்க, டையையும் காட்டுங்க, ரெண்டுக்கும் காசு கொடுத்திருக்கோம்" என்றேன். அது சிவகாசியில் இருக்கிறதாம். நேரில் போனால் ஆள் வெளியே போயிருக்கிறார். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் வெளியே.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள், பில் இருக்கிறதா என்றார்கள். துண்டுச் சீட்டில் கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, கையெழுத்துகூட இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் கொடுத்தோம் வாங்கினோம் என்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே. ஜிபேயில் அனுப்பியிருந்தால் அதுவாவது இருந்திருக்கும். நான் எண்ணிக் கொடுத்தேன், நாற்பது ஐந்நூறு ரூபாய் நோட்டு.

இனிமேல் யாரிடம் கொடுத்தாலும், வெள்ளை டம்மி கையில் வந்து, அதில் உள்ளே போகிற சாமானையெல்லாம் போட்டு ஆட்டிப் பார்த்து, கூரியர் கவுண்டரில் கொண்டுபோய் அளந்த பிறகுதான் 'ஓகே' சொல்வேன். டையையும் பிளாக்கையும் டெலிவரியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குவேன். பிரெயில் என்றால் முதல் தாளை அந்தத் தம்பி தடவி வாசித்தால்தான் மீதி ஓட வேண்டும். போனில் வருகிற படத்துக்கு ஒரு ஹார்ட் மட்டும் போடுவேன்.

அட்டையை என்ன செய்தோம் என்றால், பள்ளிக்கூட ஸ்டேஷனரி கடையில் கெட்டி சார்ட் தாள் வாங்கி வெட்டி, தம்பியும் அவருடைய ஹாஸ்டல் நண்பர்கள் நாலு பேரும் பிரெயில் ஸ்லேட்டையும் ஊசியையும் வைத்துக் கையாலேயே குத்தினார்கள். பின்பக்கமிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும், பார்க்கிற எனக்குத் தலை சுற்றியது, அவர்கள் சினிமாக் கதை பேசிக்கொண்டே குத்தினார்கள். ஒன்பது சாயங்காலம், 400 அட்டை. சாதாரணக் கவரில் போட்டு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினோம், எழுத்து வரிசையைத் தனித் தாளில் ஜெராக்ஸ் எடுத்து உள்ளே வைத்தோம். இதுவரை 63 பேர் அந்த வரியை வாசித்துவிட்டுப் போன் பண்ணியிருக்கிறார்கள்.

அச்சகத்துக்காரர் மீதி 8,500 கேட்டு இன்னமும் மெசேஜ் போடுகிறார். பெட்டிகள் இரண்டாம் கட்டில் மச்சு வரை அடுக்கியிருக்கின்றன. அப்பத்தா இந்தத் தீபாவளிக்குத் தேன்குழல், மனகோலம், அதிரசம் எல்லாம் அதில் போட்டுத்தான் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார், கனகச்சிதமாக ஒரு கிலோ பிடிக்கிறது. இன்னும் முந்நூறு இருக்கும், காரைக்குடி பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து சும்மா எடுத்துக்கொண்டு போங்கள். நூல் மட்டும் நீங்கள் கோத்துக்கொள்ள வேண்டும்.