பெட் பாட்டில் அரைக்கும் மெஷினோடு 'பைபேக்' தருகிறோம் என்று யாராவது வந்தால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ரூ. 6,40,000 போய்விட்டது. வயிறு எரிகிறது. இன்னொருவர் பணமும் இப்படிப் போகக் கூடாது என்றுதான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

பெட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய தண்ணீர் பாட்டிலை அரைத்து, கழுவி, ஃப்ளேக்ஸாக, அதாவது சிறு சில்லுகளாக விற்பது நல்ல தொழில்தான். ஆனால் அதில் புதிதாக இறங்க வருகிறவர்களைக் குறிவைத்து ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. மெஷின், பயிற்சி, அரைத்த சரக்கை அவர்களே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் என மூன்றும் சேர்த்து ஒரே பேக்கேஜ். மொத்த வியாபாரத்துக்கான ஒரு இணையச் சந்தையில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்ற முத்திரையோடு விளம்பரம் வருகிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகப் போடுகிறேன்.

ஆளை நம்ப வைப்பது டெமோவில். அவர்கள் காட்டும் ஷெட்டில் மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவார்கள், மறுபக்கம் ஃப்ளேக்ஸ் கண்ணாடிச் சில்லு போல விழும். டெமோ காட்டிய ஆள் ஒரு கைப்பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, "பாத்துக்கோங்கண்ணா, இதுதான் சரக்கு. நீங்க அரைச்சு மட்டும் குடுங்க, விக்கிறது எங்க தலைவலி" என்றார். எடை போட்டும் காட்டினார். 50 கிலோ போட்டதில் 48 கிலோ வந்தது. கையில் சரக்கு, கண்ணெதிரே தராசு, இதற்கு மேல் என்ன வேண்டும்? பாதிப் பணம் போதும், மீதியைச் சரக்கு விற்றுத் தரலாம் என்றும் சொன்னார்கள். லாரியில் ஏற்றும் அன்றைக்குப் பேச்சு மாறியது. முழுப்பணம் வராமல் மெஷின் வாசலைத் தாண்டாதாம். ஆக மொத்தம் ரூ. 6,40,000.

அந்த மூட்டையில் இருந்தது தெருவில் பொறுக்கிய பாட்டிலே இல்லை. பாட்டில் ஊதும் ஆலையில் பழுது என்று கழித்தது. மூடி, கழுத்து வளையம், லேபிள், பசை, மண் எதுவும் அதில் கிடையாது. அதை எதில் போட்டு அரைத்தாலும் வெள்ளையாகத்தான் விழும். காயலான் கடையில் வாங்கும் கட்டு அப்படியா இருக்கும்? நூறு கிலோ கட்டில் ஈரம், மூடி, லேபிள், மண், நடுவில் செருகிய எண்ணெய்ப் பாட்டில், அரைக்கும்போது தூளாகிப் போவது எல்லாம் கழிந்து எழுபது, எழுபத்தைந்து கிலோ நின்றால் நல்ல கட்டு.

அவர்கள் கொடுத்த லாபக் கணக்குத் தாளிலோ 95 சதவீதம் தேறும் என்று போட்டிருக்கிறது. பாட்டில் கிலோ 35 ரூபாய் என்று அவர்களே போட்ட விலைக்குக் கணக்குப் பாருங்கள். 95 சதவீதம் தேறினால் ஒரு கிலோ ஃப்ளேக்ஸுக்குப் பாட்டில் செலவு ரூ. 36.84. 72 சதவீதம்தான் தேறினால் ரூ. 48.61. கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் அங்கேயே காணாமல் போகிறது. தாளில் காட்டிய லாபமே கிலோவுக்குப் பத்து ரூபாய்தான். காஸ்டிக் சோடா, தண்ணீர், பிளேடு தீட்டும் கூலி, லாரி வாடகை எதுவும் அந்தத் தாளில் இல்லை.

இப்போது மெஷின். கொட்டேஷனில் 20 எச்.பி. மோட்டார், மணிக்கு 300 கிலோ, டி2 என்ற கடினமான எஃகில் செய்த பிளேடு. வந்த மோட்டாரின் பெயர்த்தகட்டிலும் 20 எச்.பி. என்றுதான் அடித்திருக்கிறது. பாட்டிலைப் போட்டதும் உறுமி நின்றது, சுமை கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே தட்டிவிட்டது. டேப் வைத்து அளந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மோட்டார் காலின் அடியிலிருந்து ஷாஃப்ட்டின் நடு வரை 132 மில்லிமீட்டர், ஷாஃப்ட் விட்டம் 38. நான்கு துருவ (4-pole) 20 எச்.பி. மோட்டார் என்றால் அந்த உயரம் 160, ஷாஃப்ட் 42 இருக்க வேண்டும். 132 உயரத்தில் வழக்கமாக வருவது 10 எச்.பி. வரைதான். தகட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ரிவெட் தலை நாலும் புதுசாக மின்னுகிறது, சுற்றிலும் பழைய பெயின்ட் உரிந்து கிடக்கிறது.

பிளேடு இன்னும் மோசம். கடினப்படுத்திய டி2 என்றால் புது அரத்தை வைத்துத் தேய்த்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். இதில் அரம் கடித்துத் தூள் உதிர்ந்தது. சாதா எஃகு. விளிம்பு மழுங்கினால் பாட்டிலை வெட்டாமல் பிய்க்கும், சூடேறும், தூள் கூடும். அந்தத் தூளை யாரும் ஃப்ளேக்ஸ் விலைக்கு எடுக்க மாட்டார்கள். சுழலும் பிளேடுக்கும் நிற்கும் பிளேடுக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதில் ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழைகிறது.

மோட்டாரையும் பிளேடையும் செலவு செய்தாவது மாற்றிவிடலாம். அந்தப் பைபேக் ஒப்பந்தத்தை என்ன செய்வது? முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் கொள்முதல் விலை. மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் தரம்: ஈரம் 1 சதவீதத்துக்குள், பி.வி.சி. 50 பி.பி.எம்.முக்குள், பசை கூடாது, நிறம் கலக்கக் கூடாது, தரம் பற்றி நிறுவனத்தின் முடிவே இறுதியானது. 50 பி.பி.எம். என்றால் ஒரு டன்னுக்கு 50 கிராம். பாட்டிலை இறுக்கிப் பிடித்திருக்கும் பி.வி.சி. உறை லேபிள் கொஞ்சம் உள்ளே போனாலே தாண்டிவிடும். அவர்கள் விற்ற செட்டில் இருப்பது கிரைண்டர், ஒரு பச்சைத் தண்ணீர்த் தொட்டி, சுழற்றி உலர்த்தும் டிரையர், அவ்வளவுதான். தொட்டியில் மூடியும் வளையமும் மிதந்து வந்துவிடும், அவை தண்ணீரைவிட லேசு. பெட்டின் அடர்த்தி 1.38 அளவு, பி.வி.சி.யும் ஏறக்குறைய அதேதான். இரண்டும் சேர்ந்தே அடியில் போய்ப் படுக்கும், எத்தனை தரம் கழுவினாலும் பிரியாது. அரைக்கும் முன்பே கையால் பொறுக்க வேண்டும், இல்லையென்றால் பிரித்தெடுக்கத் தனியாக ஒரு சார்ட்டர் மெஷின் வேண்டும். பெட் உருகும் சூட்டில் பி.வி.சி. கருகி அமிலம் விடும், ஃப்ளேக்ஸை உருக்கி நூல் இழுக்கிறவர்களுக்கு மொத்தச் சரக்கும் பாழ். ஆகவே வாங்குகிறவர்கள் கறாராக இருப்பது நியாயம்தான். லேபிள் பசை போவதற்கு 80 முதல் 90 டிகிரி வெந்நீரில் இரண்டு சதவீத அளவுக்குக் காஸ்டிக் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கலக்க வேண்டும், பிறகு காரம் போகும்வரை அலச வேண்டும். செட்டில் ஹாட் வாஷே கிடையாது! அவர்கள் கேட்கும் தரம் அவர்கள் விற்கும் மெஷினில் வராது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே ரூ. 6,40,000 வாங்கியிருக்கிறார்கள்.

'ஈ.பி.ஆர். சான்றிதழ் வித்தே மெஷின் காசை எடுத்துடலாம்' என்று இன்னொரு பொய். பிளாஸ்டிக்கைச் சந்தையில் விடும் நிறுவனங்கள், அதை மறுசுழற்சி செய்யும் தங்கள் பொறுப்புக்குக் கணக்குக் காட்ட வாங்கும் சான்றிதழ் அது. 2022-இல் வந்த விதிமுறைப்படி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவான மறுசுழற்சியாளருக்குத்தான் அது. அதற்கு முதலில் மாநில வாரியத்தின் இசைவு வேண்டும், காஸ்டிக் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்ற கேள்வி வரும். கழிவுநீர் பற்றிக் கொட்டேஷனில் ஒரு வரிகூட இல்லை.

பணம் போன பிறகு ஆரம்பத்தில் போன் எடுத்தார்கள். "வோல்டேஜ் கம்மிண்ணா." அப்புறம் "உங்க சரக்கு அழுக்குண்ணா." அப்புறம் "சர்வீஸ் பையன் வெளியூர் போயிருக்கான், வந்ததும் அனுப்பறோம்." மோட்டாரை அளந்த படத்தை அனுப்பியதும் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அனுப்பிய லோடு 'ரிஜெக்ட்' என்று திரும்பி வந்தது, போக வர வாடகை நம் தலையில். சோதனை அறிக்கை கேட்டால், "அதெல்லாம் பைபேக் கம்பெனி பாக்கும். நாங்க மெஷின் கம்பெனி மட்டும்தான்" என்கிறார் அதே ஆள், அதே எண்ணிலிருந்து. இன்வாய்ஸில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணையும் ஒப்பந்தத்தில் உள்ளதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் 2 இலக்கம் மாநிலம், அடுத்த 10 பான் எண். பான் வேறு வேறு. காகிதத்தில் இரண்டும் சம்பந்தமே இல்லாத நிறுவனங்கள். ஒப்பந்தம் போட்ட நிறுவனத்தின் பதிவு ரத்து என்று ஜி.எஸ்.டி. தளம் காட்டுகிறது. இணையச் சந்தைக்காரர்கள், 'வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் வேலை' என்று ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார்கள். அப்படியென்றால் 'சரிபார்க்கப்பட்ட' என்று எதைச் சரிபார்த்தார்கள்?

விவரமாகப் போடுகிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: டெமோவுக்கு உங்கள் ஊர்க் காயலான் கடைக் கட்டு ஒன்றை மூடி, லேபிளோடு நீங்களே கொண்டுபோங்கள். போட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். டேப்பும் அரமும் கையில் இருக்கட்டும். உங்கள் இடத்தில், உங்கள் சரக்கு ஓடும்வரை கால் பங்குப் பணமாவது பிடித்து வையுங்கள். ஃப்ளேக்ஸ் வாங்கும் ஆலையிடம் முதலில் பேசி, அவர்கள் கேட்கும் தரத்துக்கு மெஷின் தேடுங்கள். வங்கிக் கடன் நேராக விற்பவர் கணக்குக்குப் போகிறது என்பதால் வங்கி மெஷினைச் சோதித்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

பணம் கட்டிவிட்டவர்கள் மோட்டாரைக் கழற்றி மாற்ற வேண்டாம், அதுதான் சாட்சி. தொழிலுக்கு வாங்கியதற்கு நுகர்வோர் வழக்கு செல்லாது என்று மிரட்டுவார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது, வக்கீலைக் கேளுங்கள். இதே செட் வாங்கியவர்கள் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒருத்தர் மட்டும் ரூ. 6,40,000 என்று போய் நின்றால் 'கொடுக்கல் வாங்கல் தகராறு' என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். நாலு பேர் ஒரே ஒப்பந்தத்தோடு போனால் அப்படிச் சொல்ல முடியாது.