குடல் அசையுதோ எண்டு பாத்த கதை

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கெண்டு லண்டனிலை இருந்து போனனான். எனக்கு 12 வருசமா க்ரோன்ஸ் எண்ட குடல் வீங்கிற வருத்தம், சிறுகுடல் முடியிற இடத்திலை, வலப்பக்க அடிவயித்துக்குள்ளை. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா அடலிமுமாப் ஊசி, அதை 2இலை இருந்து 8 பாகைக்குள்ளை வச்சிருக்கவேணும், போன வானுக்குள்ளை ஏசி வேலை செய்யேல்லை, ஏ9 றோட்டு முழுக்க ஐஸ்பெட்டியை மடியிலை வச்சபடிதான் போனன். முறிகண்டியிலை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கேக்கையும் அது கையிலை. கச்சான் விக்கிற அக்கா "தம்பி ஐஸ்பழம் விக்கிறியளோ" எண்டு கேட்டா.

ஊசி தப்பிட்டுது, வயிறு தப்பேல்லை. சித்தி வச்ச பலாக்காய்க் கறியை ஆசையிலை ஒரு பிடி பிடிச்சதுதான், அண்டிரவு குத்தும் ஊதலும். விடிய ஆஸ்பத்திரிக்குப் போனா கவுண்டரிலை இருந்தவர் நிமிந்தும் பாக்காமல் "கொப்பி எங்கை" எண்டார். டொக்டர் எழுதிறதுக்கெண்டு முன்கடையிலை ஒரு கொப்பி வாங்கி (அட்டையிலை யானைப் படம்) திரும்பி வர என்ரை நம்பர் போயிட்டுது, பிறகு மூண்டு மணித்தியாலம் வாங்கிலிலை. இதுக்கு ஒரு அறிவிப்பு ஒட்டினா என்ன குறைஞ்சிடும்?

டொக்டர் பிள்ளை சின்ன வயசு. முதல் கேள்வியே காசநோய் வந்ததோ, இருமல் காய்ச்சல் இருக்கோ எண்டுதான். குடல் காசமும் இதே இடத்திலைதானாம் குந்தும், பாத்தா ரெண்டும் ஒரே மாதிரியாம், போதாததுக்கு என்ரை ஊசி உறங்கிற காசத்தையும் எழுப்பிவிடுமாம். சரியான கேள்வி.

லண்டனிலை எண்டா எம்ஆர்ஐ. மனிற்றோல் கலந்த இனிப்புத் தண்ணி ஒரு லீற்றருக்கு மேலை குடிச்சிட்டுப் படுக்கவேணும், மூச்சை ஒரு 20 செக்கன் அடக்கச் சொல்லுவினம், அதுக்குள்ளை குடல் நெளியிறதைப் படம் மாதிரி எடுப்பினம். பிறகுதான் பஸ்கோபான் ஊசி, அது குடலை உறங்க வச்சிடும், அப்பதான் மற்றப் படங்கள் தெளிவா வரும். யூசிஎல் எண்ட லண்டன் பல்கலைக்கழக ஆக்கள் இந்த அசைவைக் கணக்குப் பாத்து நிறம் தீட்டிக் காட்டிற வேலை கன காலமா செய்யினம். வீங்கின துண்டு மரக்கட்டை மாதிரிக் கிடக்கும், மருந்து பிடிச்சா திரும்ப நெளியத் தொடங்கும். எனக்கு மருந்து வேலை செய்யுதெண்டு நம்பிக்கை வந்ததே அந்தப் படத்தைப் பாத்துத்தான்.

இஞ்சை அல்ட்ராசவுண்ட். ஸ்கான் டொக்டர் அம்மா வலப்பக்கம் அமத்தி, குடல் சுவர் தடிப்பு எண்டு சொன்னா, 3 மில்லிமீற்றருக்கு மேலை போனா தடிப்புத்தானாம். சரி முடிஞ்சுதெண்டு எழும்பப் பாத்தன், "படுங்கோ தம்பி" எண்டு போட்டு கையை அசைக்காமல் ஒரு நிமிசத்துக்கு மேலை அப்பிடியே பிடிச்சிருந்தா. வெளியிலை அவ்வளவு சனம் நிக்குது. பிறகு திரையைத் திருப்பிக் காட்டினா. பக்கத்துக் குடல் மண்புழு மாதிரி நெளியுது, என்ரை துண்டு சும்மா கிடக்கு, ஆனா உள்ளுக்குள்ளாலை கறுப்பாத் தண்ணி மெல்ல மெல்லக் கடந்து போகுது. "போகுது பாத்தீங்களோ, அடைப்பில்லை. ரெண்டு நாள் கஞ்சித்தண்ணி."

றிப்போட்டிலை சுவர் தடிப்பெண்டு ஒரே ஒரு வரி, அசையாத படம் ஒண்டு. அசைவைப் பற்றி மூச்சில்லை. திரும்பப் போய் கேக்க, முகம் சுளிக்காமல் யானைக் கொப்பியிலை கையாலை எழுதித் தந்தா, நெளிவு குறைவு, அடைப்பில்லை எண்டு.

போன கிழமை லண்டனிலை ஸ்பெசலிஸ்ட் அதை ரெண்டுதரம் வாசிச்சிட்டு இதை ஆர் பாத்ததெண்டு கேட்டார். பிறகு கொப்பியை மூடி யானையைக் கொஞ்ச நேரம் பாத்தவர்.